தேரையாருக்கு ஒரு திருமாளிகை

"மாமா, தேரை மேலே விழுந்தா பிள்ளைங்க மெலிஞ்சு போவாங்களா?"

காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோன சமயத்தில் இந்தக் கேள்வி வந்து விழுந்தது. கேட்டவள் என் அக்காள் மகள். வயது ஏழு. குச்சி குச்சியாகக் கையும் காலும். முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். இடம், நாஞ்சில் நாட்டில் சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் என் அக்காளின் புக்ககம்.

பத்திரிகை உத்தியோகத்தில் இருப்பவனுக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கமே தவிர, பதில் சொல்லிப் பழக்கம் கிடையாது. "ஏன் பிள்ளே கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டுவைத்தேன்.

நவராத்திரி சமயம் அது. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவியும் வழக்கம்போல் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். கன்னிப்பூ அறுவடை முடிந்து, கும்பப்பூ சாகுபடிக்கு வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு விடுமுறை. எனக்கும் ஆசிரியர் பெரிய மனசு பண்ணிப் பத்து நாள் ரஜா கொடுத்திருந்தார்.

விஷயம் மெள்ள மெள்ள வெளியே வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அடுத்த தெருவிலிருந்து வந்த ஓர் அம்மாள் குழந்தையை ஏற இறங்கப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குத் தேரை விழுந்திருக்கு. அதுதான் தின்னது ஒண்ணும் உடம்பிலே ஒட்ட மாட்டேங்குது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அன்று முதல் பொழுது சாய்ந்தால் குழந்தை கிணற்றடிப் பக்கம் தனியாகப் போவதில்லை. அங்கேதான் மின்விளக்கின் கீழ் தினமும் இரவு ஒரு சொறித்தவளை வந்து உட்காருகிறது.

இதற்கு மேல் இன்னொன்றும் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்கள் ஒரு நாள் அந்த மாதிரித் தவளை ஒன்றின் மேல் கல்லுப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். அது துடித்ததை இவள் பார்த்துவிட்டாள்.

"அது அழுதுதா மாமா? சத்தமே வரல்லியே" என்றாள்.

பயம் ஒரு பக்கம், பரிதாபம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே இந்த ஏழு வயசு ஜீவன் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்ததும், காப்பியை அப்படியே வைத்துவிட்டேன்.

சாய்வு நாற்காலித் தாசில்தார்

அன்று இரவே இருவருமாகத் தேரையைப் பேட்டி காணப் போனோம். அவள் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள்.

சொறித்தவளையை நீங்கள் நிதானமாக உட்கார்ந்து பார்த்ததுண்டா? உப்பிய உடம்பு, கரடுமுரடான தோல், ஒவ்வொரு பருவின் நுனியிலும் மை தொட்டு வைத்தது போல ஒரு கறுப்புப் புள்ளி, பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்டது போன்ற பார்வை. பென்ஷன் வாங்கிய தாசில்தார் ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து போவோர் வருவோரைக் கவனிக்கும் தோரணை. கறுப்புப் புள்ளிகளை வைத்துத்தான் 1799-ல் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதற்கு 'மெலனோஸ்டிக்டஸ்' என்று பெயர் வைத்தார்.

ஈசல் ஒன்று விளக்கில் முட்டிக் கீழே விழுந்தது. தாசில்தார் அசையவில்லை. ஈசல் நகர்ந்ததோ இல்லையோ, 'சட்'டென்று ஒரு மின்னல்! ஈசலைக் காணோம். தேரையின் நாக்கு நம்முடையதைப் போல உள்ளே தொண்டைப் பக்கம் ஒட்டியிருப்பதல்ல. முன்வாயில் ஒட்டி, பின்பக்கம் மடிந்திருப்பது. அதனால்தான் அந்த வேகம். அசையாத பண்டத்தை அது உணவாகவே மதிக்காது. விழுங்கும்போது இரண்டு கண்களையும் உள்ளே அமுக்கி, அவற்றாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளும்.

"கண்ணாலே சாப்பிடுது!" என்றாள் மருமகள். பத்தடி ஆறடியாகிவிட்டதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவள் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல உட்கார்ந்தேன். குழந்தை மெலிவதற்குச் சத்துக் குறைவும், குடற்புழுவும், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் காரணம் என்று டாக்டர்கள் சொல்வதைத்தான் நம் பாட்டிமார்கள் தேரையின் தலையில் போட்டார்கள். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் இதே ஜாதிதான். மரு வருவது வைரஸ் கிருமியால். தேங்காயை உடைத்தால் பருப்பில்லாமல் வெறும் ஓடாக இருந்தால், 'தேரை மோந்த தேங்காய்' என்கிறோமே, அதற்கும் மகரந்தச் சேர்க்கைக் குறைவு, போரான் முதலிய சத்துக் குறைவு என்று விவசாய நிபுணர்கள் காரணம் சொல்கிறார்கள். அட, சொறித்தவளையால் ஒரு திண்ணையே சரியாக ஏற முடியாது. தென்னை மரத்தில் ஏறி ஒவ்வொரு காயாக எப்படி மோந்து பார்க்கும்?

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் இருக்கிறது. புத்தகங்களில் தேரை என்றால் இந்தச் சொறித்தவளைதான். ஆனால் பல வீடுகளில், சுவரில் ஒட்டிக்கொண்டிருந்து திடீரென்று மேலே தாவும் ஒல்லியான மரத்தவளையைத்தான் தேரை என்கிறார்கள். தாவுகிறவன் ஒருவன், பழி சுமக்கிறவன் இன்னொருவன்!

ஒன்றை மட்டும் நான் மறைக்கவில்லை. தேரையின் கண்ணுக்குப் பின்னால் தடித்த இரண்டு சுரப்பிகள் உண்டு. கடித்தாலோ அமுக்கினாலோ அவற்றிலிருந்து பால் போன்ற விஷம் கசியும். நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். ஆகையால் தொட்டு விளையாடுகிற ஜந்து அல்ல. தப்பித் தவறித் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பகல்லே அது எங்கே மாமா போகும்? அதுக்கு வீடு உண்டா?"

இப்படித்தான் எங்கள் கட்டட வேலை ஆரம்பமாயிற்று.

அமெரிக்காவும் ஆச்சியும்

தேரைக்கு வீடு என்றதும் சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் கென்னத் கிரகாம் என்பவர் 1908-ல் எழுதிய 'வில்லோ மரங்களில் காற்று' என்ற குழந்தைக் கதையில், தேரை ஒன்று பெரிய மாளிகையில் ஜமீன்தாராகவே வாழ்கிறது. மோட்டார் கார் வேறு ஓட்டுகிறது. கதை போகட்டும். 1904-ல் அமெரிக்க விவசாய இலாகா வெளியிட்ட ஒரு பிரசுரத்தில் கிர்க்லாண்ட் என்ற பூச்சியியல் நிபுணர், தேரைகளின் வயிற்றை ஆராய்ந்து, ஒரு தேரை மூன்று மாதத்தில் சுமார் 10,000 பூச்சிகளைத் தின்னும் என்று கணக்குப் போட்டார். தோட்டத்தில் ஆழமில்லாத குழி தோண்டி, அதன் மேல் ஒரு பலகையையோ தட்டைக் கல்லையோ பாதி மூடி வைத்தால் தேரை வந்து தங்கும் என்றும் எழுதினார். மேல்நாட்டுத் தோட்டங்களில் பூந்தொட்டியைக் கவிழ்த்து, வர்ணம் தீட்டி, குழந்தைகள் தேரை வீடு செய்வது இன்று சாதாரண சமாசாரம்.

இதை நான் உற்சாகமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அறைவீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அமெரிக்கக்காரன் வீடு கட்டுவான், தம்பி. அவனுக்கு வேற சோலி இல்லை. தேரை வந்தா பின்னாலேயே பாம்பு வருமே, அதுக்கும் வீடு கட்டுவானா?"

குரலுக்குச் சொந்தக்காரி என் அக்காளின் மாமியார். குழந்தைக்கு ஆச்சி, எனக்கு அத்தை. எழுபத்தைந்து வயது. பேத்திக்குத் தேரை விழுந்திருக்கிறது என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. இரண்டு தடவை மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. அந்தத் தேரையையே வீட்டில் குடிவைக்கக் கிளம்பினால் எந்த ஆச்சிதான் சம்மதிப்பாள்?

பாம்பு விஷயத்தில் அத்தை சொன்னது வாஸ்தவம். நல்லபாம்பு உட்படச் சில பாம்புகள் தேரையைத் தின்னும். "அத்தை, நீங்கள் சொல்வது சரிதான். வீட்டுப் பக்கமே வேண்டாம். மதில் ஓரமாகத் தென்னைக்கு அப்பால் வைக்கிறோம். கிணற்றடியில் கிடக்கிற விறகையும் கதம்பைக் குவியலையும் இன்றே நான் அப்புறப்படுத்துகிறேன். பாம்புக்கு நிஜமான வீடு அதுதான்" என்றேன். அத்தை பதில் பேசவில்லை. ஆனால் விறகை எடுத்து அடுக்கியபோது மேற்பார்வை பார்க்க வந்து நின்றாள். அது போதாதா?

முதல் வீடும் இரண்டாம் வீடும்

முதல் வீடு, விளிம்பு உடைந்த ஒரு மீன் சட்டி. மண்சட்டி, இருள், குளிர்ச்சி, எல்லாம் பொருத்தம். கவிழ்த்து வைத்துவிட்டுப் பெருமையோடு தூங்கப் போனோம். விடிந்து பார்த்தால் சட்டி நாலடி தள்ளி உருண்டு கிடந்தது. பக்கத்தில் இரண்டு பூனைகள். எத்தனை வருஷத்து அயிலையும் சாளையும் அந்தச் சட்டியின் மண்ணில் ஊறியிருந்தனவோ! பூனை மட்டுமல்ல, உப்பும் புளியும் ஊறிய பாத்திரம் தேரைக்கே ஆகாது. எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது, கீறல் விழுந்த ஒரு தண்ணீர்ப் பானை. அதைக் கழுவிக் காயவைத்துவிட்டு நான் ஒரு காரியமாக நாகர்கோவில் போனேன். திரும்பி வந்தால், பானை பளபளவென்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது! நவராத்திரிக்கு வீட்டுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை உள்ளும் புறமும் பூசி முடித்து, மருமகள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

"கொள்ளாமா மாமா?"

"கொள்ளாம். கையை ஏன் ஒளிக்கிறாய்?"

கையை நீட்டினாள். சிவந்திருந்தது. "எரியுது" என்றாள், கண்ணில் நீர் முட்டியது. கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். எரிச்சல் அடங்கிய பிறகு, சொல்லாமல் இருந்தது என் தப்பு என்று ஒப்புக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தில் உட்கார்ந்தால் வயிற்றுத் தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்ளும். மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். நமக்குத் தோல் சட்டை மாதிரி. அதற்கு வாயும் அதுவே, மூக்கும் அதுவே. சுண்ணாம்பு, சோப்பு, பூச்சி மருந்து எது பட்டாலும் உடம்புக்குள் போய்விடும்.

குழந்தை தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "உடம்பெல்லாம் இப்படி எரியுமா?" என்றாள். பிறகு வெகு நேரம் கழித்து, "அன்னைக்கு உப்புப் போட்டப்பவும் இப்படித்தானா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவள் பானையைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையைக் கேட்டு அடுக்களையிலிருந்து அக்காளும் அறைவீட்டிலிருந்து அத்தையும் ஓடி வந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அத்தை ஒரு பழைய பானையைக் கொண்டுவந்து முற்றத்தில் 'டொக்'கென்று வைத்தாள். பழஞ்சோறு ஊற்றி வைக்கும் பானை. விளிம்பில் ஒரு பக்கம் உடைந்து, ஒரு சாண் அகலத்துக்குப் பிறைபோலப் பிளந்திருந்தது. அதைத் தூர எறிய மனசில்லாமல் பரணில் வைத்திருந்தாளாம்.

"இதிலே உப்பும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. பிள்ளை அழுதா எனக்குக் கேக்கச் சகிக்காது. தேரைக்காகத் தரல்லை, கேட்டியா?"

கேட்டுக்கொண்டோம்.

தேரையர் கதை

பானையைக் கவிழ்த்தால் பிளவே வாசலாயிற்று. இனி அலங்காரம்தானே! வயல் களிமண்ணைப் பிசைந்து பானையின் வெளிப்புறத்தில் விரல் கனத்துக்கு அப்பினோம். அந்த ஈர மண்ணில் கிளிஞ்சல், சோழி ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்தாள். கன்னியாகுமரிக் கடைகளில் பொட்டலம் கட்டி விற்கிறார்களே, கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகப் பல நிற மணல், அதைத் தூவி வாசலைச் சுற்றித் தோரணம் இட்டாள். கிளிஞ்சலையும் மணலையும் மூன்று தண்ணீரில் அலசிக் கடல் உப்பைப் போக்கிய பிறகுதான். "இன்னொரு தரம் கழுவுவோம் மாமா" என்று அவளே சொன்னாள். அலங்காரம் எல்லாம் வெளியே. உள்ளே வெறும் மண். வர்ணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்படி வேலை நடக்கும்போது, அத்தையைச் சரிக்கட்டலாம் என்று எண்ணித் தேரையர் கதையை எடுத்தேன். "அகத்தியருக்கு ஒரு சீடர் இருந்தார்..." என்று ஆரம்பித்தேனோ இல்லையோ, அத்தை குறுக்கே பாய்ந்தாள்.

"பொதிகை மலைக்குப் பக்கத்திலே இருக்கிற எங்களுக்கு மெட்ராஸிலேருந்து வந்து நீ கதை சொல்லுதியாக்கும்?"

அப்புறம் கதை அவள் வாயால் வந்தது. அரசன் ஒருவனுக்குத் தாங்காத தலைவலி. அகத்தியர் கபாலத்தைத் திறந்து பார்த்தால், மூளைமேல் ஒரு தேரை ஒட்டிக்கொண்டிருக்கிறது! பிடித்து இழுத்தால் ராஜாவின் உயிருக்கு ஆபத்து. குருவே திகைத்து நிற்கும்போது, பக்கத்தில் நின்ற சீடப் பையன் ஓடிப்போய் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டினான். தண்ணீரைக் கண்ட தேரை, தானாகவே அதில் குதித்துவிட்டது. அன்று முதல் அந்தச் சீடருக்குத் தேரையர் என்று பெயர். சித்த வைத்தியத்தில் அவர் பெயரால் நூல்களே இருக்கின்றன.

கதை முடிந்ததும் அத்தை எங்கள் மாளிகையை ஒரு பார்வை பார்த்தாள்.

"இத்தனை சோழியும் சிப்பியும் பதிச்சியளே, தண்ணி எங்கே? தண்ணியைக் காட்டாம தேரை எப்படி வரும்?"

நானும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிரசுரம், புத்தகம் எல்லாம் படித்தவன் நான்; தண்ணீரை மறந்துபோனேன்! அந்த நிமிஷமே ஒரு மண் அகல்தட்டு வந்தது. தேரை ஏறி இறங்க வசதியாக நடுவே ஒரு கூழாங்கல். கொசு முட்டையிடாதபடி தினமும் தண்ணீரை மாற்றும் பொறுப்பைக் குழந்தை ஏற்றுக்கொண்டாள்.

நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால், இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வெயில் படாத, ஈரம் தங்கும் இடமாக இருக்க வேண்டும். நாலு விரல் ஆழத்துக்குக் குழி பறித்து, அதில் மக்கிய இலையும் பொடி மண்ணும் போட்டு, மேலே பானையை அசையாமல் கவிழ்க்க வேண்டும். அடியில் தரை போடக் கூடாது. தேரை மண்ணுக்குள் தன் பின்புறத்தால் தோண்டிக்கொண்டு புதையும். அந்தப் பக்கம் பூச்சி மருந்தும் எலி மருந்தும் தலைகாட்டக் கூடாது. வாசலுக்குள் யாரும் கையை விடக் கூடாது. பார்ப்பதானால் டார்ச் விளக்கு, அதுவும் தூர இருந்து.

மதில் ஓரத்தில் மாளிகை எழும்பிற்று. தோவாளைப் பூச்சந்தையிலிருந்து பூஜைக்கு வந்த கேந்திப் பூவில் நாலு இதழ் கூரைக்கு. வாசலில் பச்சரிசி மாக்கோலம். ஒரு பனை ஓலை நறுக்கில் மருமகளே எழுதிய பெயர்ப் பலகை: 'தேரயார் வீடு. உப்புப் போடாதீர்.' எழுத்துப் பிழையை நான் திருத்தவில்லை.

வராத விருந்தாளி

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மருமகள் ஒரு யோசனை சொன்னாள்.

"மாமா, குளத்தங்கரையிலே நிறைய இருக்கும். ஒரு சாக்கிலே பிடிச்சுக்கிட்டு வந்து உள்ளே விடுவோமா?"

தேரூர்க் குளம் லேசுப்பட்டதல்ல. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளை 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். அங்கே தேரைக்கா பஞ்சம்? ஆனாலும் கூடாது என்றேன். ஓரிடத்துத் தேரையை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் அது தங்காது. பழைய இடத்தைத் தேடி ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடும். கடல் தாண்டிக் கொண்டுபோனால் அதைவிட விபரீதம். 1935-ல் ஆஸ்திரேலியாவில் கரும்பைத் தின்னும் வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் கொண்டுவந்தார்கள். அவை வண்டை ஒழிக்கவில்லை. தாங்கள் கோடிக்கணக்கில் பெருகி, அவற்றைத் தின்ற பிராணிகளையெல்லாம் விஷத்தால் கொன்றன. நம் வீட்டுச் சொறித்தவளையே எப்படியோ மடகாஸ்கர் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 2014-ல் அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் இன்றுவரை கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"நாம வீடு கட்டலாம். குடிவருவதும் வராததும் அதன் இஷ்டம்" என்றேன். ஏழு வயசுக்கு இது கஷ்டமான பாடம். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் மாளிகையின் புகழ் தெருவில் பரவி, பார்க்க வந்தவர்களில் ஒரு வயோதிக விவசாயியும் உண்டு. பானையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரு காலத்திலே தவளைச் சத்தத்திலே இந்த ஊரில் தூங்க முடியாது" என்றார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் இறங்கி, சாக்குச் சாக்காகத் தவளை பிடித்த ஆட்களைப் பற்றிச் சொன்னார். பிடித்தது சொறித்தவளையை அல்ல. வயலில் வாழும் பெரிய பச்சைத் தவளைகளை. அவற்றின் பின்னங்கால்களை வெட்டிப் பனிக்கட்டியில் வைத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். 1981-ல் மட்டும் இந்தியாவிலிருந்து 4,000 டன்னுக்கு மேல் தவளைக்கால் கப்பலேறியது. ஒரு டன் காலுக்கு எத்தனை ஆயிரம் தவளை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தவளை குறையக் குறைய வயலில் பூச்சியும், பூச்சி மருந்துச் செலவும் ஏறின. கடைசியில் 1987-ல் சர்க்கார் ஏற்றுமதியைத் தடுத்தது.

"இப்போ பிடிக்க ஆள் இல்லை. ஆனா வயலே இல்லையே! பாதி வயலிலே வீடு வந்துட்டு" என்றார் பெரியவர். எங்கள் பானையைக் காட்டி, "இதுதான் மிச்சம்" என்று சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை. அது உண்மையான மதிப்பீடு என்றே எடுத்துக்கொண்டாள்.

விஜயதசமியன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் நான் சென்னைக்கு ரயிலேற வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு மதிலோரம் போனோம். கைப்பேசி விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்தேன்.

கோலத்தின் மிச்ச மாவை இழுக்க எறும்புகள் சாரி வைத்துப் போய்க்கொண்டிருந்தன. சாரியின் ஓரத்தில் தாசில்தார் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருந்தார்! எறும்பு என்றால் தேரைக்கு நம் ஊர் முறுக்கு மாதிரி. 'சட், சட்' என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. சோழியையும் சிப்பியையும் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கால் மணி நேரம் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர்த் தட்டில் இறங்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மருமகள் என் வேட்டியைப் பிடித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முட்டியைக் கட்டிக்கொண்டு ஈர மண்ணில் குந்தியிருந்தாள்; அதற்கும் அவளுக்கும் நடுவே மூன்றடிகூட இருக்காது.

பிறகு தேரை எழுந்தது. வாசல் வரை போயிற்று. உள்ளே எட்டிப் பார்த்தது. திரும்பி மதிலோரமாக இருட்டில் நடந்து மறைந்துவிட்டது.

"வீடு பிடிக்கல்லியா மாமா?"

"தெரியவில்லையே, பிள்ளே."

அன்று இரவு அவள் சோறு சாப்பிடவில்லை. நான் அந்த மனக்குறையோடேயே ஊர் திரும்பினேன்.

மறுபடியும் தேரூர் போனது மார்கழியில், சுசீந்திரம் தேரோட்டத்துக்கு. இடையில் அக்காள் குழந்தையை டாக்டரிடம் காட்டியிருந்தாள். பூச்சி மாத்திரை, சத்து மருந்து, தினம் ஒரு முட்டை. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. கையில் மந்திரித்த கயிறும் அப்படியே இருந்தது. பலன் யாரால் என்ற வழக்கு வீட்டில் இன்னும் முடியவில்லை.

என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதிலோரம் ஓடினாள். சோழிகள் பாதி உதிர்ந்திருந்தன. மணல் தோரணம் மழையில் கரைந்துபோயிருந்தது. பெயர்ப் பலகை மட்டும் புதிதாக எழுதி வைத்திருந்தாள். 'ரை' இப்போது சரியாக இருந்தது. எட்ட நின்றே டார்ச் அடித்தாள். பானைக்குள், மண்ணில் பாதி புதைந்து, கரடுமுரடான ஒரு முதுகும் இரண்டு பொன்னிறக் கண்களும் தெரிந்தன.

"நீ போய் ஒன்பதாம் நாள் வந்துது. பகல்லே எங்கேயும் போகாது" என்றாள், வெகு சாதாரணமாக.

இரவு சாப்பாடு முடிந்தது. அத்தை வடித்த கஞ்சியைச் சருவத்தோடு எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் கொட்டும் ஓடை மதிலோரமாகத்தான் போகிறது. ஓடைக் கரை வரை போனவள், நின்று, திரும்பி, அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி மறுபக்கத்து வாழைக்குப் போனாள்.

"ஏன் அத்தை, அங்கேயே ஊற்றலாமே?" என்றேன்.

"சூடு ஆறல்லை. அந்தச் சவம் அங்கேதானே இப்போ சாப்பிட வந்திருக்கும்" என்றாள் அத்தை.